தாடை கூடும்வரை

முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண்ணைத் தாடை அறுவை சிகிச்சைக்கு அழைத்து வராதீர்கள். ஏற்கெனவே குறித்தாகிவிட்டதென்றால் இன்றைக்கே மண்டபக்காரருக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளி வையுங்கள். முன்பணம் போனால் போகட்டும். 'இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள முகம் செட்டாயிடும்' என்பது நீங்களாகப் போட்டுக்கொண்ட கணக்கு. வெட்டி நகர்த்திய எலும்பு ஒட்டிப் பிடிப்பதற்கே ஆறு வாரம் வேண்டும். அது பழைய பலத்துக்கு வர மேலும் சில மாதம். வீக்கத்தில் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும். மிச்சம் வற்றி முகம் தன் உருவத்தில் வந்து நிற்க ஆறு மாதமாகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். கீழுதடு மரத்துப்போய், பல்லில் கம்பியும் ரப்பருமாக இருக்கும் பெண்ணை மேடையில் நிறுத்தி, கூப்பிட்டவர்களெல்லாம் உற்றுப் பார்க்கும்படி செய்வது அவளுக்குச் செய்யும் நல்லது அல்ல.

பையன் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். பெண் பார்த்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, 'தாடையை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிட்டா பரவாயில்லை' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அந்த 'கொஞ்சம்' என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். ஒரு தாடை என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், இரண்டு தாடையும் என்றால் நான்கைந்து மணி நேரம் முழு மயக்கத்தில் கிடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வருடமோ அதற்கு மேலோ பல்லுக்குக் கம்பி. இதைச் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அந்தத் தாடைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். அவர் வேண்டாம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவரே வேண்டும் என்று கேட்டால், 'எல்லாம் ஸ்டைலுக்கு' என்று ஏளனமும் செய்யாதீர்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பக்கம் சந்திக்காததால் ஒரு தோசையைக் கடித்துப் பிய்க்க முடியாமல் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்து, குழந்தையிலேயே தையல் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மேல்தாடை போதிய அளவு வளராமல் உள்வாங்கி நின்றுவிடும். கீழ்த்தாடை பின்தள்ளி இருப்பதால் தூக்கத்தில் மூச்சு அடைபட்டுத் திணறுகிறவர்கள் உண்டு. இது பணக்காரர் வீட்டு விவகாரமும் அல்ல. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, போய் விசாரியுங்கள். 'புதுசா ஏதோ சோதனை பண்றாங்க' என்று பயமுறுத்தும் பெரியப்பாக்களுக்காக ஒரு தகவல்: முக எலும்புகள் எந்தெந்தக் கோட்டில் உடைகின்றன என்று ரெனே லெஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் சடலங்களில் ஆராய்ந்து எழுதியது 1901இல். மேல்தாடையைப் பிரித்து நகர்த்தும் வெட்டு இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து நகர்த்தும் முறையை டிரவுனரும் ஓப்வெகெசரும் எழுதி வெளியிட்டது 1957இல். அந்தப் பெரியப்பாவுக்கு அப்போது பால்பல் முளைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் செய்ய வேண்டியதில் முதலாவது, உண்மையைச் சொல்வது. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகரெட்டையும் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். இருபத்திரண்டு வயதுப் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் அப்பா நிற்பார். மருத்துவர் கேட்டதும், 'அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது சார்' என்று அப்பாவே பதில் சொல்லிவிடுவார். பையன் தரையைப் பார்ப்பான். அப்பாக்களே, அந்தக் கேள்வி வரும்போது டீ குடிக்கக் கிளம்பிவிடுங்கள். புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. புண் ஆறுவதும் எலும்பு கூடுவதும் தள்ளிப்போகின்றன. சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டியதை உங்களுக்குப் பயந்து மறைத்தால் நஷ்டம் அவனுக்கு.

இரண்டாவது, ஒப்புதல் தாள். வயது வந்த ஒருவருக்காகத் தாய்மாமன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவரே வாசித்து, புரியாததைக் கேட்டு, பிறகு போடட்டும். முக்கியமாக நரம்பு பற்றிக் கேட்க வேண்டும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். எலும்பைப் பிளக்கும்போது அது இழுபட்டு, அந்த இடமெல்லாம் மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஓரிடத்தில் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். இதை அறுவைக்கு முன்பே தெரிந்துகொண்டு சம்மதித்தவர் தாங்கிக்கொள்வார். பின்னால் தெரிந்துகொண்டவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார், நினைப்பது நியாயமும்தான்.

இனி அறுவை சிகிச்சை முடிந்து அவர் வெளியே வருகிற நேரம். கத்தி வாய்க்குள்ளேயே போய் வந்திருப்பதால் முகத்தில் பெரும்பாலும் தையல் தெரியாது. நகர்த்திய எலும்பை டைட்டானியம் தகடும் திருகும் பிடித்துக்கொண்டிருக்கும். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையமோ கம்பியோ சேர்த்துக் கட்டியிருக்கும். மயக்கத்துக்கான குழாய் மூக்கு வழியாகப் போயிருப்பதால் தொண்டை எரியும். மேல்தாடையில் வேலை நடந்திருந்தால் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் சில நாள் கசியும். அதைப் பார்த்து அலறாதீர்கள். சிவப்பாக, நிற்காமல் கொட்டினால் மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்றிரவு கூடத் தங்குகிறவர் யார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வீட்டில் வெட்டியாக இருப்பவரை அனுப்பிவைக்கும் வழக்கம் இங்கே ஆகாது. வாய் கட்டியிருக்கிறது, மூக்கும் அடைத்திருக்கிறது. நள்ளிரவில் விழித்ததும் மூச்சு முட்டுவதாகத் தோன்றி, பக்கத்தில் இருப்பவரின் கையைத்தான் அவர் இறுக்கிப் பிடிப்பார். அந்தக் கை உறங்கிப்போயிருக்கக் கூடாது. உடனே நர்ஸை வரவழையுங்கள். வாயிலும் மூக்கிலும் சேர்ந்திருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பல்லிடுக்கு வழியாகவும் காற்று போகும் என்று சொல்லி, நீங்களும் கூடவே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள். தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்குவதுதான் வீக்கத்துக்கு நல்லது.

வாந்தி வரலாம். விழுங்கிய ரத்தமே குமட்டலைக் கிளப்பும். வந்தால் மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து முன்பக்கம் குனியவையுங்கள். வயிற்றில் இருப்பது தண்ணீர் போன்றதுதான், பல்லிடுக்கு வழியே வந்துவிடும். ரப்பர் போட்டிருந்தால் ஒரு சின்னக் கத்தரி, கம்பி போட்டிருந்தால் கம்பி வெட்டும் குறடு, தலைமாட்டிலேயே கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். அவசரம் என்றால் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, வீட்டில் இரவு தங்குகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'அக்கா, எந்தக் கம்பிங்க?' என்று கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் முகத்தைப் பார்த்து 'பரவாயில்லையே' என்றவர்கள் மூன்றாம் நாள் வாயடைத்து நிற்பார்கள். கன்னம் கண்ணை மூடுகிற அளவுக்கு ஏறும். கழுத்திலும் மார்பிலும்கூட மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருக்கும். ரத்தக்கட்டு கீழே இறங்கிக் கரைகிறது, அவ்வளவுதான். முதல் ஒன்றிரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், பிறகு மருத்துவர் சொன்னால் வெந்நீர் ஒத்தடம். மரத்த தோலில் எதை வைத்தாலும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும்; சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

சரியாக அந்த மூன்றாம் நாள்தான் உறவுக்காரர்கள் வருவார்கள். வரத்தான் செய்வார்கள், நம் வழக்கம் அப்படி. வருகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். 'ஐயோ, என்னடி இது, பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சே!' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு யாரும் தரவில்லை. 'பழைய முகமே லட்சணமா இருந்துச்சு' என்பதை இந்த ஜென்மத்தில் சொல்லாதீர்கள். போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ஊரில் இருக்கும் சித்திக்கு வீடியோ காலில் காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அவளால் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது, தலையைத் திருப்பிக்கொள்ளத்தான் முடியும். திருப்பிக்கொண்டதைப் பார்த்தும் 'வெக்கப்படுறா' என்று சிரித்துக்கொண்டே பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை ஆனாலும் சரி, அந்த இடத்தில் போனை வாங்கிக் கவிழ்த்து வைப்பது பெற்றவர்களின் கடமை.

பேசவைக்காதீர்கள். 'வலிக்குதா?' என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று விரலைக் காட்டிவிடுவார். 'டாக்டர் என்ன சொன்னாரு, எப்படி ஆபரேஷன் பண்ணாங்க?' என்று கேட்டால் என்ன செய்வார்? ஒரு நோட்டும் பேனாவும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவர் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள். பாதியிலேயே வாங்கிப் பார்த்து நீங்களாக ஒரு வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள். காது நன்றாகவே கேட்கும், கத்தவும் வேண்டாம். கால் மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். வாங்கிவந்த வடைப் பொட்டலத்தை அந்த அறையில் பிரிக்காதீர்கள். ஆப்பிளுக்குப் பதில் ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறவர் விவரம் தெரிந்தவர்.

சாப்பாட்டுக்கு வருவோம். கை வைக்க வேண்டிய இடம் இதுதான். 'பருப்பு சேர்த்தா சீழ் வைக்கும், முட்டை ஆகாது, பால் வேண்டாம்' என்று பத்தியம் போட்டு, வெறும் அரிசிக் கஞ்சித் தெளிவில் பிள்ளையை வாட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பருப்பால் சீழ் பிடிப்பதில்லை. அழுக்கான வாயாலும் கிருமியாலும் பிடிக்கிறது. புண் ஆறப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் இருப்பதே நீங்கள் விலக்கிவைக்கும் பருப்பிலும் முட்டையிலும் பாலிலும்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் எல்லாம் நீர் பதத்தில் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஆறாவது வாரம்வரை மெல்லுகிற வேலையே கூடாது. சில கிலோ எடை குறைவது சகஜம். அதைத் தடுப்பது அடுப்படியின் வேலை.

பருப்பைக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, சன்ன வடிகட்டியில் வடியுங்கள். கேழ்வரகுக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி, மோர், இளநீர், காய்கறி சூப், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுக்கால் சூப், எல்லாம் வடிகட்டித்தான். முட்டையைப் பச்சையாக அடித்துக் கொடுக்காதீர்கள். அவித்து சூப்போடு சேர்த்து அரையுங்கள். சப்போட்டாவோ வாழைப்பழமோ பாலில் அடித்தால் நல்ல பலம். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. உப்பு போடுங்கள். காரம் வேண்டாம், தையலில் பட்டால் உயிர் போகும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்க முடியாது. அதனால் இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர். ஸ்ட்ராவைப் பல மருத்துவர்கள் ஆரம்பத்தில் அனுமதிப்பதில்லை, கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் சின்ன ரப்பர் குழாயை மாட்டி, குழாயின் நுனியைக் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அவர் விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகுதான் அடுத்தது. கஞ்சி நாடி வழியாக வழியும். அவருக்கு அது தெரியாது, ஏனென்றால் நாடி மரத்திருக்கிறது. சொல்லிக் காட்டாமல் ஒரு மெல்லிய துணியால் துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மரத்த உதடு கொதிக்கிற கஞ்சியை வாங்கிக்கொள்ளும். கொப்புளம் வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும்.

இத்தனையும் ஆறு வாரம் ஒரே அம்மா தலையில் விழுவது சரியில்லை. கஞ்சி அடித்த மிக்ஸியும் வடிகட்டியும் ஒரு நாளைக்கு எட்டு முறை கழுவ வேண்டியிருக்கும். வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் அந்த வேலையை இன்றிலிருந்தே கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

வாய்ச் சுத்தத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் உப்புத் தண்ணீர், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து குழந்தைகள் பிரஷ், எழுதிக்கொடுத்த மவுத்வாஷ். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் பல்லைப் பழுப்பாக்கும். பிறகு சுத்தம் செய்தால் போய்விடும். பல் கறுக்கிறதே என்று பயந்து நிறுத்தாதீர்கள். மேல்தாடையில் அறுவை நடந்தவர் மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தவே கூடாது. உதடு வெடிக்காமல் வாசலின் தடவிக்கொண்டே இருங்கள்.

சிகிச்சை பெற்றவரே, உங்களிடமும் பேச வேண்டும். முதல் வாரத்தின் கடைசியிலோ இரண்டாவது வாரத்திலோ ஒரு நாள் காரணமில்லாமல் அழுகை வரும். மயக்க மருந்து, வீக்கத்துக்குப் போட்ட ஸ்டீராய்டு, பசி, தூக்கமின்மை, கண்ணாடியில் யாரோ ஒருவர் நிற்பது, எல்லாம் சேர்ந்து, 'எதுக்குத்தான் பண்ணிக்கிட்டேனோ' என்று போனில் தட்டுவீர்கள். பலருக்கும் வருவது இது, பெரும்பாலும் வீக்கத்தோடு தானும் இறங்கும். அதுவரை கண்ணாடியில் தெரிவதைவைத்து முடிவுக்கு வராதீர்கள். அது வீங்கிய முகம், உங்கள் முகம் இன்னும் வரவில்லை. இருட்டு நீடித்தால், வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் அன்றைக்கே எழுதிக் காட்டுங்கள். வீட்டாரே, அந்த வரியைப் படித்ததும் 'நீதானே கேட்டே?' என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது வாரம்தான் ஆபத்தான வாரம். வலி போயிருக்கும், பேச்சு வந்திருக்கும், தெம்பும் வந்திருக்கும். யாரும் பார்க்காதபோது ரப்பரைக் கழற்றிவிட்டு ஒரு சப்பாத்தித் துண்டு, ஒரு முறுக்கு என்று கை போகும். அந்தச் சின்னத் தகடு எலும்பை அசையாமல் வைத்திருக்கத்தான். முறுக்கைத் தாங்க அல்ல. திருகு தளர்ந்தால், எலும்பு ஒரு நூல் விலகினால், கடி மாறிப்போகும். மறுபடியும் மேசையில் படுக்க வேண்டிவரலாம். தின்றுவிட்டால், அல்லது பிள்ளை விளையாட்டாக முகத்தில் இடித்துவிட்டால், மறைக்காமல் அன்றே போய்ச் சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் தாடை பிழைக்கும். ஜிம், கிரிக்கெட், பைக் எல்லாம் மருத்துவர் வாயால் அனுமதி வந்த பிறகு.

பைக் என்றதும் ஒன்று. விபத்தில் தாடை உடைந்து கட்டுப்போட்டவர் வீட்டுக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். முகவாயை மூடாத அரை ஹெல்மெட் தாடையைக் காப்பாற்றாது. இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக் கொக்கியில் தொங்குவது அதுதான் என்றால் இந்த வாரச் சம்பளத்திலேயே மாற்றுங்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு வாய் அகலத் திறக்காது. ஆறு வாரம் அசையாத தசை இறுகிக் கிடக்கும். மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைக்கிற அளவு திறப்பது வழக்கமான அளவு. முதலில் ஒரு விரல்கூட நுழையாது. மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து நாளுக்கு நாள் ஒரு குச்சி கூட்டுவதாக இருந்தாலும் சரி, தவறாமல் செய்யுங்கள். வலிக்கிறது என்று இரண்டு நாள் விட்டால் மறுபடி பின்னால் போகும். முகம் நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று கம்பி போட்ட பல் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடியை நுணுக்கமாகச் சரிசெய்ய அறுவைக்குப் பின்னும் பல மாதம் அந்தக் கம்பி வேலை பாக்கியிருக்கிறது. கம்பியைக் கழற்றிய பிறகும் பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரைப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்துப் போக வேண்டிய தேதியைக் கேட்டு வாங்கி, தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைத் தேடி எடுத்து இப்போதே குறித்துவையுங்கள்.